அவங்க

"சார், உங்க வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க?" ஏழாம் வகுப்புப் பையன் கேட்டான். பின்னக் கணக்கு போட்டுக்கொண்டிருந்த சாக்பீஸ் பாதியில் நின்றது.

இதையே பக்கத்து வகுப்பு டீச்சரிடம் கேட்டிருந்தால் கணவர் பெயரைச் சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போயிருப்பார். நான் என் துணைவரின் பெயரைச் சொன்னால் மட்டும் அது பிரசாரம். ஆசிரியர் அறையில் எனக்குக் கைகொடுப்பது 'அவங்க' என்ற சொல்தான். "அவங்களுக்கு நேத்து காய்ச்சல்" என்றால் மரியாதைக்கு மரியாதையும் ஆச்சு, ஆணா பெண்ணா என்பதும் தெரியாது. எட்டு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது.

இந்தப் பயம் சும்மா வந்ததில்லை. 1978இல் கலிஃபோர்னியாவில் தன்பாலீர்ப்பு ஆசிரியர்களை வேலையிலிருந்து நீக்க வழிசெய்யும் முன்மொழிவை வாக்கெடுப்புக்கே விட்டார்கள். நல்லவேளை, மக்கள் தோற்கடித்தார்கள். உள்ளாட்சி அமைப்புகள் தன்பாலீர்ப்பை 'ஊக்குவிக்க'க் கூடாது என்று பிரிட்டனில் 1988இல் வந்த 28ஆம் பிரிவு என்ற சட்டம் இங்கிலாந்தில் 2003 வரை இருந்தது. அதன் கீழ் ஓர் ஆசிரியர்கூடத் தண்டிக்கப்படவில்லை. ஆனால் ஒரு மாணவனை மற்றவர்கள் கேலி செய்தபோதுகூடத் தலையிடப் பலர் தயங்கினார்கள். சட்டம் செய்ய வேண்டிய வேலையைப் பயமே செய்துவிட்டது.

சரி, பையனுக்கு வருகிறேன். "ரெண்டு பூனை இருக்கு" என்றேன். பொய் இல்லை. அப்புறம் கணக்கை முடித்தேன். விடை தப்பு. அவன்தான் எழுந்து வந்து திருத்தினான்.