அந்த வாட்சுக்கு யாரெல்லாம் பேசலாம்?

மகள் ஆறாம் வகுப்புக்குப் போனதும் டியூஷன் இடம் மாறியது. ஸ்கூல் வேன் கோயம்புத்தூர் சுங்கம் ஸ்டாப்பில் இறக்கிவிடும், அங்கிருந்து நடைதான். அந்த நேரத்தில் நானும் மனைவியும் வேலையில் இருப்போம். அவள் கையில் போன் கொடுக்க இருவருக்குமே இஷ்டமில்லை. சிம் போடுகிற வாட்ச் வாங்கலாம் என்று கிராஸ்கட் ரோடு கடைகளில் ஏறி இறங்கினேன்.

"எல்லா சிம்மும் எடுக்கும் சார்" என்றார் ஒரு கடைக்காரர். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் 2ஜி. ஜியோவுக்கு 2ஜி நெட்வொர்க்கே கிடையாது. 4ஜி என்று போட்டிருந்தாலும் வோல்ட்இ, அதாவது 4ஜி நெட்வொர்க்கிலேயே கால் பேசும் வசதி, உண்டா என்று கேளுங்கள். அது இல்லாவிட்டால் ஜியோவில் நெட் கிடைத்தாலும் சாதாரண கால் போகாது.

மச்சான் தன் பையனுக்கு ஆன்லைனில் மலிவாக ஒன்று வாங்கியிருந்தார். சரி, அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று அவர் வீட்டுக்குப் போனேன். மேனுவலின் கடைசிப் பக்கத்தில் எஸ்எம்எஸ் கட்டளைகள் வரிசையாக அச்சடித்திருந்தன. பாஸ்வேர்டு 123456. மச்சானைக் கேட்டுக்கொண்டு, என் போனிலிருந்து அதில் ஒன்றை வாட்சின் நம்பருக்கு அனுப்பினேன். என் நம்பர் அந்த வாட்சில் பதிவாகவே இல்லை. கொஞ்ச நேரத்தில் வாட்சிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. எடுத்துக் காதில் வைத்தால் அடுப்படியில் மிக்ஸி ஓடுகிறது, பையனைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். வாட்சோ டைனிங் டேபிள் மேல் சும்மா கிடக்கிறது. திரையில் வெளிச்சம் இல்லை, ரிங் இல்லை, ஓர் அதிர்வுகூட இல்லை. மச்சான் எதுவும் பேசாமல் சிம்மைக் கழற்றினார்.

இப்படி ஒட்டுக் கேட்கிற வசதி உள்ள குழந்தைகள் வாட்சை ஜெர்மனியின் நெட்வொர்க் ஒழுங்குமுறை அமைப்பு 2017 நவம்பரிலேயே தடை செய்து, வாங்கி வைத்திருப்பவர்கள் அழித்துவிடும்படி சொல்லிவிட்டது. 2019-இல் ஆன்டிவைரஸ் நிறுவனமான அவாஸ்ட் பார்த்தபோது, இதே 123456-உடன் சுமார் 6 லட்சம் ஜிபிஎஸ் டிராக்கர்கள் இணையத்தில் திறந்து கிடந்தன. நம் ஊர்க் கடைகளில் இதே வசதியை 'மானிட்டர்' என்று பெயர் சொல்லி, பெற்றோருக்கான போனஸ் மாதிரி விற்கிறார்கள்.

அதன்பிறகு கடைகளில் நான் கேட்டது வேறு. நாம் பதிந்த பட்டியலில் இல்லாத நம்பர் அழைத்தால் வாட்ச் எடுக்காமல் இருக்குமா? பாஸ்வேர்டை மாற்ற முடியுமா? வாட்ச் ஆப்பில் உள்ள கணக்கை அழித்தால் பழைய இருப்பிடப் பதிவுகளும் போகுமா? பாதிக் கடைகளில் இதற்குப் பதில் இல்லை. கடைசியில் வாங்கிய மாடலின் பெயரைச் சொல்லிப் பயனில்லை, ஆறு மாதத்தில் வேறு வந்துவிடும். கேமரா இல்லை, கேம் இல்லை, வகுப்பு நேரத்தில் மணி மட்டும் காட்டும். விலை கொஞ்சம் கூடத்தான்.

மேப்பை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். முதல் வாரம் ஒரு சாயங்காலம், என் மகள் வாலாங்குளத்தின் நடுத் தண்ணீரில் நிற்பதாக ஆப் காட்டியது. மனைவி பதறிப்போய் அழைத்தால், அவள் டியூஷனில் கணக்கு போட்டுக்கொண்டிருக்கிறாள். கட்டடத்துக்குள் ஜிபிஎஸ் சிக்னல் சரியாகக் கிடைக்காது. அப்போது செல் டவரை வைத்து வாட்ச் குத்துமதிப்பாக ஓர் இடம் சொல்லும். சில நூறு மீட்டர் தள்ளிப்போவது சகஜம்.

பள்ளியில் முன்கூட்டியே பேசிவிட்டோம். உள்ளே இருக்கும்வரை அணைத்துப் பையில் வைக்க வேண்டும், பரீட்சை நாளில் கொண்டுவரவே கூடாது என்றார் வகுப்பு ஆசிரியை. நியாயம்தான்.

பத்தாவது படிக்கும் மகன் விஷயம் தனி. "என்னைப் போய் டிராக் பண்ணுவீங்களாப்பா?" என்றான். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுவரை அவனும் குழந்தைதான், அவன் தரவுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். அதைச் சொல்லி அவனிடம் ஜெயிக்க முடியுமா என்ன! சிம் இல்லாத சாதாரண ப்ளூடூத் வாட்ச் வாங்கிக் கொடுத்தேன். வெளியூர் மேட்சுக்குப் போனால் மட்டும், இருப்பிடத்தை அவனே போனிலிருந்து அனுப்ப வேண்டும் என்று பேச்சு.

மகள் வாட்சின் சிம் என் பெயரில் இருக்கிறது. சிறுவர்கள் பெயரில் தர மாட்டார்கள். அவசரத்துக்கு அழுத்துகிற எஸ்ஓஎஸ் பட்டனுக்கு முதல் நம்பராக என்னுடையதைப் போடவில்லை. ஷிப்டில் என் போன் லாக்கரில் இருக்கும். மனைவி முதலில், அடுத்து டியூஷன் தெருவிலேயே இருக்கும் பெரியம்மா, அப்புறம்தான் நான்.