நிறுத்தச் சொன்னவர்கள்

என் மகளின் நோய்க்காலம் முழுவதும் ஒரு நீளப் பேரேட்டில் இருக்கிறது. சாத்தூரில் எனக்கு மளிகைக் கடை. கடன் கணக்கு எழுத வாங்கிய நோட்டு அது. முதல் பதினான்கு பக்கங்களில் துவரம்பருப்பும் கடலை எண்ணெயும் இருக்கும். பதினைந்தாம் பக்கத்தில் டெக்சாமெத்தசோன் தொடங்கும், மூளை வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மாத்திரை.

சென்ற மாதம் ஒருவர் கடைக்கு வந்தார். அவர் மகனுக்கும் அதே நோய். "நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?" என்று கேட்டார். அரை மணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

பாப்பாவுக்கு அப்போது ஏழு வயது. 2022 ஆடியில் இடது கருவிழி மூக்குப் பக்கமாகச் சாயத் தொடங்கியது. கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று மதுரைக்குக் கூட்டிப்போனோம். கண் பார்த்த டாக்டரம்மா அவளை நடந்து காட்டச் சொன்னார். கால் பின்னியது. அவர் கண்ணாடிக்குச் சீட்டு எழுதவில்லை, எம்.ஆர்.ஐ. எடுக்க எழுதினார். மூளைத்தண்டில் பான்ஸ் என்கிற இடத்தில் கட்டி, சுருக்கமாக டி.ஐ.பி.ஜி. என்கிறார்கள். அறுத்து எடுக்க முடியாதா என்று கேட்காத பெற்றோர் இருக்க மாட்டார்கள். எனக்குப் புரிந்ததை என் தொழில் பாஷையில் சொல்கிறேன்: உளுந்தில் கலந்த கல்லைப் பொறுக்கிவிடலாம், மாவில் கலந்த உப்பைப் பொறுக்க முடியாது. மூச்சையும் விழுங்குவதையும் நடத்துகிற நல்ல திசுவுக்குள் இந்தக் கட்டி அப்படிக் கலந்திருக்கிறது.

கதிர்வீச்சு மட்டும் கொடுத்தார்கள். வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம், மொத்தம் 30 முறை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்ததால் அந்தச் செலவு தலையில் விழவில்லை. கண் நேரானது. தீபாவளிக்குத் தெருவில் ஓடினாள். அது கதிர்வீச்சு வாங்கித் தரும் தவணைதான், பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில மாதங்களில் நோய் திரும்பிவிடும் என்று டாக்டர்கள் முதலிலேயே சொல்லித்தான் இருந்தார்கள். எங்கள் காதில் ஏறவில்லை.

மாசியில் திரும்பியது. அப்போது நாங்கள் காட்டிய மருத்துவமனையில், "இனி இங்கே செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள்" என்றார்கள். டிஸ்சார்ஜ் தாளின் கடைசி வரியில் ஆதரவு சிகிச்சைக்குப் பரிந்துரை என்று இருந்தது. எங்கே, யாரிடம், எந்த எண்ணில் என்று எதுவும் இல்லை. நோய் குணமாகாதபோதும் வலியையும் அவதியையும் குறைக்கிற சிகிச்சை அது என்று, அந்த ஒரு வரியின் அர்த்தம் தெரிய எங்களுக்கு ஏழு வாரம் ஆனது.

அந்த ஏழு வாரக் கணக்கும் பேரேட்டில் இருக்கிறது. படிக்கவே வெட்கமாக இருக்கிறது. யார் எது சொன்னாலும் செய்தோம். காலையில் கசப்புச் சாறு, பத்து மணிக்கு ஒரு பொடி, உப்பில்லாச் சாப்பாடு, வாரம் ஒருமுறை இரத்தப் பரிசோதனை, நிற்கவே முடியாத பிள்ளையைத் தூக்கி நிறுத்தி நடைப் பயிற்சி. சாப்பாடும் மருந்தும் உள்ளே போக வைத்திருந்த மூக்குக் குழாயை அவள் இரண்டு முறை பிடுங்கி எறிந்தாள், இரண்டு முறையும் கைகளைப் பிடித்துக்கொண்டு திரும்பப் போட்டோம். பதினொரு மருந்துகள். பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த ஹார்லிக்ஸ் மட்டும் பதினேழு பாட்டில், அதுவும் ஒரு மளிகைக் கடைக்காரன் வீட்டுக்கு!

கதவு திறந்தது என் அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரையால். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அம்மாவுக்கு மாதாமாதம் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் பெண் ஒருவர் உண்டு. கட்டிலில் கிடந்த பாப்பாவைப் பார்த்துவிட்டு, "இவளுக்கு யார் வருகிறார்கள் அண்ணா?" என்று கேட்டார். யாரும் வருவதில்லை என்றேன். அந்தத் திட்டத்திலேயே ஆதரவு சிகிச்சைக்கென்று ஒரு செவிலியர் இருக்கிறார் என்பது அன்றுதான் தெரிந்தது. இரண்டு நாளில் அவர் வந்தார். அவர் மூலமாக, வீட்டுக்கே வந்து பார்க்கும் ஓர் அறக்கட்டளைக் குழுவும் வந்தது: ஒரு டாக்டர், ஒரு செவிலியர், ஒரு சமூகப் பணியாளர்.

முதல் நாள் என் மனைவி அவர்களுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. "கைவிட்டாயிற்று என்று சொல்லத்தான் இவர்களை அனுப்பியிருக்கிறார்கள்" என்று அடுப்படியிலேயே நின்றுகொண்டாள்.

டாக்டர் எல்லா மருந்துகளையும் ஒரு தாம்பாளத்தில் கொண்டுவரச் சொன்னார். தரையில் உட்கார்ந்து, அரிசி புடைக்கிறவர் மாதிரி இரண்டாகப் பிரித்தார். இது அவளுக்கு எந்த விதத்தில் உதவுகிறது என்று ஒவ்வொன்றுக்கும் எங்களையே கேட்டார். பதில் இல்லாதவை ஒரு பக்கம் போயின. பதினொன்று ஐந்தானது. இரத்தப் பரிசோதனை வேண்டாம். முடிவு என்னவாக வந்தாலும் நாம் செய்யப்போவது மாறாது என்றார். நடைப் பயிற்சி வேண்டாம், கை கால் இறுகாமல் படுக்கையிலேயே மெல்ல நீட்டி மடக்கினால் போதும். மூக்குக் குழாய் மறுபடி வெளியே வந்தால் திரும்பப் போடுவதா என்பது உங்கள் முடிவு, போடாவிட்டாலும் மருந்து கொடுக்க வழி இருக்கிறது என்றார்.

அடுப்படியிலிருந்து என் மனைவி வெளியே வந்தது அப்போதுதான். "நிறுத்தலாமா? நிறுத்தினால் நாங்கள் கொன்றதாகாதா?" என்று கேட்டாள். "நோய்தான் அவளைக் கொண்டுபோகும் அக்கா, நீங்கள் இல்லை" என்றார் செவிலியர். அன்று மதியம் வீட்டில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். எத்தனையோ பேர் எங்களுக்கு இதைச் செய், அதைச் செய் என்றார்கள். செய்யாமல் விடலாம் என்று சொல்ல ஒருவர்கூட இல்லாமல் இருந்தோம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். டெக்சாமெத்தசோனை அவர்கள் சட்டென்று நிறுத்தவில்லை, நீங்களும் நிறுத்திவிடாதீர்கள். படிப்படியாகத்தான் குறைத்தார்கள். அந்த மாத்திரை முகத்தைப் பூரி போல உப்ப வைத்து, நள்ளிரவு இரண்டு மணிக்கும் பசி பசி என்று அழ வைத்திருந்தது. எங்கள் ஊர்ப் பிள்ளை அந்த நேரத்தில் என்ன கேட்பாள்? காராச்சேவுதான். புரையேறும் என்று ஒளித்து வைத்திருந்தோம். செவிலியர் அதைப் பொடித்து, குழைந்த தயிர்ச்சோற்றில் கலந்து, தலையை நிமிர்த்திப் பிடித்து, நாக்கு நுனியில் வைக்கக் கற்றுக்கொடுத்தார். வயிற்றுக்காக இல்லை, ருசிக்காக. மூன்று விரல் அளவு சாப்பிட்டுவிட்டு, "மிளகு கம்மி" என்றாள்.

தலைவலி கூடியபோது மார்பின் என்கிற கடும் வலிக்கான மருந்து வந்தது. என் மச்சான் அதைப் போதைப்பொருள் என்று வீட்டையே இரண்டாக்கினார். 1985 போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் இந்த மருந்து மருத்துவமனைகளுக்கே எட்டாமல் இருந்தது, 2014 திருத்தத்துக்குப் பிறகுதான் அங்கீகாரம் பெற்ற இடங்களில் கொஞ்சம் எளிதாகக் கிடைக்கிறது என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். மச்சான் பாதிதான் நம்பினார். மாத்திரையைக் கரைத்து, ஊசிக் குழலில் அளந்து, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுத்தோம். அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது என்பதால் இங்கே எழுத மாட்டேன். மலச்சிக்கல் வந்தே தீரும் என்று அதற்கான சிரப்பையும் அன்றே கொடுத்தார்கள். எத்தனை மாத்திரை வந்தது, எத்தனை செலவானது, எத்தனை மிச்சம் என்று செவிலியர் வாரந்தோறும் எண்ணிக் கையெழுத்துப் போடுவார். பேரேட்டில் எனக்குப் பிடித்த பக்கங்கள் அவைதான்.

வலிப்பு வந்து ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் மூக்கில் அடிக்க மிடாசோலம் ஸ்பிரே கொடுத்தார்கள். இரவிலும் எடுக்கும் ஒரு தொலைபேசி எண்ணும் கொடுத்தார்கள். அந்த எண்ணை மொத்தம் ஆறு முறைதான் அழைத்தோம். ஆனால் அது இருக்கிறது என்பதால்தான் என் மனைவி தூங்கினாள்.

நான் தூங்காத இரவுகளில் போனில் படித்துக்கொண்டிருப்பேன். குணமாகாத நோய் வந்த குழந்தைகளை வைத்துப் பராமரிக்கும் ஹாஸ்பிஸ் என்கிற இல்லங்களில் முதலாவது 1982இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் திறக்கப்பட்டது என்று படித்தேன். மூளைக் கட்டி வந்த ஒரு சிறுமியைப் பெற்றோர் சற்று ஓய்வெடுக்கட்டும் என்று ஒரு கன்னியாஸ்திரி அவ்வப்போது தன்னிடம் கூட்டிப்போய் வைத்துக்கொண்டாராம். அதிலிருந்து எழுந்த வீடு அது. சிறுமியின் பெயரையே வீட்டுக்கும் வைத்து, ஹெலன் ஹவுஸ் என்றார்கள். எங்களுக்குப் பக்கத்தில் அப்படி ஒரு வீடு இல்லை. அம்மாச்சியும் அப்பத்தாவும் முறை வைத்து இரவு விழித்தார்கள். ஐம்பது ஆண்டுப் பகை அந்தக் கட்டிலின் இரு பக்கமும் உட்கார்ந்து வெற்றிலை மாற்றிக்கொண்டது.

மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏழாம் வகுப்பு. தொந்தரவு இல்லாத பிள்ளை என்று நாங்கள் அவனைப் பார்க்காமலே இருந்துவிட்டோம். சமூகப் பணியாளர் வரும்போதெல்லாம் அவனோடு கேரம் ஆடுவார். நான்காவது வாரம் காயைக் குறி வைத்துக்கொண்டே அவன் கேட்டிருக்கிறான்: "ஊஞ்சலிலிருந்து நான்தான் அவளைத் தள்ளிவிட்டேன். அதனாலா?" பத்து மாதமாக அதை வைத்துக்கொண்டு எங்களோடு சாப்பிட்டிருக்கிறான். டாக்டர் அவனைத் தனியே உட்கார வைத்து, அடிபட்டு இந்தக் கட்டி வராது என்று படம் போட்டு விளக்கினார். அதன் பிறகு அவன் வீட்டு வேலையில் இறங்கினான். குழு இரவலாகக் கொடுத்த காற்று மெத்தையில் ஓர் இடம் கசிந்தது. சைக்கிள் கடையில் பஞ்சர் பட்டை வாங்கி வந்து அவனே ஒட்டினான்.

பாப்பா ஒரு நாள் அம்மாவிடம், "எனக்குச் சரியாகாதா?" என்று கேட்டாள். பதில் சொல்வதற்கு முன், அவள் என்ன நினைக்கிறாள் என்று கேளுங்கள் என என் மனைவிக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். கேட்டாள். ஜூனில் பள்ளி திறந்தால் மூன்றாம் வகுப்பில் தன் தோழி பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்பதுதான் பாப்பாவின் கவலை. தோழியை வீட்டுக்கு அழைத்து வந்தோம். இருவரும் பேசி ஒரு பெண்ணை முடிவு செய்தார்கள்.

குழாய் மூன்றாம் முறை வெளியே வந்தது. போடவில்லை. கடைசி வாரம் தோலுக்கடியில் சிறிய பட்டர்ஃப்ளை ஊசி வைத்து அதன் வழியே மருந்து. டாக்டர் ஒரு கடிதம் எழுதித் தந்தார்: நோய் என்ன, எந்த நிலை, வீட்டிலேயே வைத்துக்கொள்வது பெற்றோரின் முடிவு என்று. பீரோ கதவில் ஒட்டி வைத்திருந்தோம். ஆனியில் ஒரு விடியற்காலை மூச்சு விட்டு விட்டு வந்தபோது மச்சான் 108க்கு அடிக்கப் போனைக் கையில் எடுத்தார். என் மனைவி அந்தக் கடிதத்தைக் காட்டினாள். அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பாப்பாவின் காலடியில் உட்கார்ந்தார். ஒருக்களித்துப் படுத்திருந்தாள். ஐந்தே முக்காலுக்கு முடிந்தது.

நடைமுறை ஒன்று: வீட்டில் இறந்தால் இறப்புக்கான காரணத்தை மருத்துவர் எழுதித் தர வேண்டும், 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். குழுவின் டாக்டர் அன்றே வந்து எழுதிக் கொடுத்தார். நகராட்சியில் எனக்கு ஒரு கேள்வியும் எழவில்லை.

பதினாறு முடிந்து செவிலியர் வந்தார். மிச்சமிருந்த மார்பின் மாத்திரைகளை எண்ணினார். ஒன்பது. பேரேட்டிலும் ஒன்பது. இருவரும் கையெழுத்துப் போட்டோம். என் மனைவி காபி கொடுத்தாள். மெத்தை கோவில்பட்டிப் பக்கம் ஒரு பையனுக்குப் போகிறது என்றார். மகன் அதைத் தரையில் விரித்து, மேலே உருண்டு உருண்டு காற்றை வெளியேற்றினான். சுருட்டிக் கட்டி வண்டிவரை தூக்கிக்கொண்டு போனான். பிறகு எதையோ மறந்தவன்போல ஓடிப்போய், கட்டை அவிழ்த்து, பட்டை ஒட்டிய இடத்தைச் செவிலியரிடம் காட்டினான். "இந்த இடத்தை அவர்களிடம் சொல்லிக் கொடுங்கள் அக்கா. இரவில் ஒருமுறை கை வைத்துப் பார்க்க வேண்டும்."