வில்லாளி வெள்ளி: பார்த்தியக் காசை வாங்குமுன்

கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் பக்கம் வளைகுடாவிலிருந்து ஊர் திரும்புகிறவர்கள் சில நேரம் பழைய வெள்ளிக் காசும் கையோடு கொண்டுவருகிறார்கள். ஒரு பக்கம் இடப்புறம் பார்க்கும் தாடி வைத்த அரசன், மறுபக்கம் வில்லோடு உட்கார்ந்திருக்கும் ஆள், அவரைச் சுற்றிச் சதுரமாகக் கிரேக்க எழுத்து. இந்த அமைப்பு இருந்தால் அது பார்த்தியர்களின் டிராக்ம் என்ற வெள்ளிக் காசு, அல்லது டிராக்மைப் பார்த்துச் செய்த போலி. கி.மு. 247 அளவில் தொடங்கி கி.பி. 224 வரை ஈரானை ஆண்ட பார்த்தியரின் அரச குலமான அர்சாசிட் மன்னர்கள் அடித்த காசு இது.

"நம்ம அழகன்குளத்து மண்ணுல கிடைச்சது" என்று சொல்லி விற்க வந்தால் உடனே உஷாராகிவிடுங்கள். அழகன்குள அகழாய்வில் கிடைத்த, எல்லோரும் பேசும் அயல்நாட்டுக் காசுகள் ரோமானியரின் சிறு செப்புக் காசுகள். பார்த்திய டிராக்முக்கு இந்த ஊர்க் கதை பொருந்தாது. கதையைத் தள்ளிவிட்டுக் காசை மட்டும் பாருங்கள்.

பார்த்தியக் காசில் ஒரு சிக்கல் உண்டு. ஏறக்குறைய எல்லா மன்னரும் காசில் 'அர்சாகெஸ்' என்றே தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். பெயரைப் படித்து ஆளைக் கண்டுபிடிக்க வழியில்லை. முகம், தாடி, முடி, மகுடம், முகத்தைச் சுற்றியுள்ள சின்னங்கள், பின்பக்க வாசகம், அக்கசாலைக் (காசு அடிக்கும் இடத்தின்) குறி இவையெல்லாம் சேர்ந்துதான் அரசனைச் சொல்லும். பார்த்தியக் காசுகளை வகைப்படுத்திய டேவிட் செல்வுட் வகுத்த எண்வரிசையைத்தான் சேகரிப்பவர்கள் பெரும்பாலும் பின்பற்றுகிறார்கள். இரண்டாம் மித்ரடேட்ஸ் 23 முதல் 29 வரை, இரண்டாம் ஓரோடெஸ் 45 முதல் 48 வரை, நான்காம் ஃப்ராட்டெஸ் 50 முதல் 54 வரை. சந்தையில் அதிகம் கிடைப்பவை இந்த மூவரின் காசுகள்தான். புதிதாகச் சேர்ப்பவர் இவற்றிலேயே கண்ணைப் பழக்கிக்கொள்வது நல்லது.

போலி செய்பவர் பெரும்பாலும் தவறுவதும் இங்கேதான். அச்சு வெட்டுகிறவருக்கு இரண்டு பக்கமும் ஒரே காலத்தைச் சேர்ந்ததாக இருக்கவேண்டும் என்பது தெரிவதில்லை. பழைய காசுகளில் வில்லாளி கூம்பு வடிவக் கல்லின் மேல் உட்கார்ந்திருப்பார். இரண்டாம் மித்ரடேட்ஸின் பிற்கால வெளியீடுகளில் அது அரியணையாக மாறுகிறது. ஓரோடெஸ் காலத்திலிருந்து அரசனின் நெற்றியில் மரு ஒன்று தெரியும். நான்காம் ஃப்ராட்டெஸின் பல காசுகளில் தலைக்குப் பின்னால் அலகில் மாலையோடு கழுகு இருக்கும். ஆகவே மரு வைத்த முகமும் கூம்புக் கல்லும் ஒரே காசில் வந்தால் மேற்கொண்டு சோதிக்கவே தேவையில்லை, திருப்பிக் கொடுத்துவிடலாம். 'மன்னர்களின் மன்னர்' என்ற பட்டம் இரண்டாம் மித்ரடேட்ஸுக்கு முந்திய முகத்தோடு இருந்தாலும் அப்படியே. கிரேக்க எழுத்து சிதைந்து வெறும் கோடுகளாகத் தெரிவதை மட்டும் வைத்துப் போலி என்று முடிவு கட்டாதீர்கள். பிற்கால அக்கசாலையில் வேலை செய்தவர்களுக்கே அந்த எழுத்து வாசிக்க வராது. முதலாம் வோலோகாசெஸ் காலத்தில் முகத்துக்குப் பின்னால் பார்த்திய எழுத்தும் தோன்றுகிறது.

நான்கு டிராக்ம் மதிப்புள்ள பெரிய டெட்ராடிராக்ம் பலவற்றில் ஆண்டு இருக்கும், பார்த்தியருக்கு முன் ஈரானை ஆண்ட செலூக்கியரின் ஆண்டுக் கணக்கில். கிரேக்க எழுத்துகளே எண்களாக நிற்கும். சிக்மா 200, பை 80, எப்சிலான் 5 என்று சேர்ந்தால் 285. முதல் ஆண்டு கி.மு. 312 இலையுதிர்காலத்தில் தொடங்குவதால் இது கி.மு. 28-27 ஆகும், நான்காம் ஃப்ராட்டெஸ் ஆட்சிக்குள் வருகிறது. ஆண்டும் முகமும் இப்படி ஒத்துப்போகவேண்டும்.

இனி உலோகம். டிராக்ம் சுமார் 18 முதல் 22 மி.மீ. அகலம், எடை 3.5 முதல் 4.1 கிராமுக்குள். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பில் (சிறு உருப்பெருக்கிக் கண்ணாடி) முதலில் விளிம்பைப் பாருங்கள். கையால் அடித்த காசின் விளிம்பில் வெள்ளி விரிந்த சிறு வெடிப்புகள் இருக்கும், ஒழுங்கு இருக்காது. வார்ப்புப் போலியில் சுற்றிவர ஒரு கோடு, அல்லது அந்தக் கோட்டை அரம் வைத்துத் தேய்த்த தடம் தெரியும். எழுத்தின் ஓரங்கள் சோப்பில் வெட்டியது போல மழுங்கி இருக்கும், குழிவான இடங்களில் குமிழ்த் துளைகள் தெரியும். ஒரே கீறல், ஒரே தேய்மானம் இரண்டு காசுகளில் அதே இடத்தில் இருந்தால் குறைந்தது ஒன்றாவது நகல். அதனால் படங்களோடு ஒப்பிடும் பழக்கம் மிக முக்கியம்.

அடர்த்திச் சோதனை எளிது, ஆனால் தராசு நுணுக்கமாக இருக்கவேண்டும். காசை மெல்லிய நைலான் நூலில் கட்டி, தராசின் மேல் வைத்த தண்ணீர்க் குவளையில், அடியிலும் பக்கத்திலும் தொடாமல் முழுதாக அமிழ்த்துங்கள். தராசு எவ்வளவு கூடுகிறதோ அதுதான் காசு வெளியேற்றிய நீரின் எடை. 4.00 கிராம் காசுக்கு 0.39 வந்தால் அடர்த்தி 10.26, நல்ல வெள்ளி. 0.45 அளவில் வந்தால் உள்ளே செம்பு, மேலே வெள்ளித் தோல். நகைக்கடைத் தராசு 0.01 கிராம்தான் காட்டும் என்றால் 0.38க்கும் 0.40க்கும் இடையில் விடை 10.5இலிருந்து 10.0க்குத் தாவிவிடும். கல் எடை பார்க்கும் 0.001 கிராம் தராசு வைத்திருப்பவரிடம் போங்கள். நம் கடற்கரைக் கிணற்று நீர் வேண்டாம், அந்த உப்பு காசுக்கு ஆகாது. காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் குமிழ் ஒட்டாது.

ஹால்மார்க் மையத்து எக்ஸ்ரே கருவி மேற்பரப்பை மட்டுமே பார்க்கிறது. பழைய வெள்ளியில் சிறிதளவு தங்கமும் ஈயமும் கலந்திருக்கும். அந்தத் தடயங்கள் எதுவுமின்றி 999 (99.9% தூய வெள்ளி) என்று காட்டினால் சந்தேகப்படுங்கள். உரைகல்லில் தேய்க்கவோ அமிலம் விடவோ ஒப்புக்கொள்ளாதீர்கள். தரையில் போட்டுச் சத்தம் கேட்பது அதைவிட மோசம். நூற்றாண்டுகள் மண்ணில் கிடந்த வெள்ளி உள்ளுக்குள் படிகமாகி உடையும் நிலைக்கு வந்திருக்கும். உண்மையான காசே மந்தமாக ஒலிக்கும், இரண்டாகவும் பிளக்கும்.

வீட்டு வெள்ளிப் பாத்திரத்துக்குச் செய்வது போல புளி, திருநீறு, எலுமிச்சை, சோடாவும் அலுமினியத் தாளும் எதையும் காசின் பக்கம் கொண்டுவராதீர்கள். சாம்பல் நிறக் கெட்டிப் படலம் பெரும்பாலும் வெள்ளிக் குளோரைடு. அது போகும்போது அடியிலிருக்கும் எழுத்தும் போய்விடலாம். மெல்லிய நெகிழ்ச்சியான பிவிசி உறைகள் பச்சைப் பிசின் கசிய விடும். அது வந்துவிட்டால் சுத்தமான அசிட்டோனில் நனைத்து எடுங்கள், தேய்க்காதீர்கள். மைலார் (பாலியஸ்டர்) உறையில் அல்லது கெட்டி அக்ரிலிக் பெட்டியில், சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள். உப்புக்காற்று வரும் ஜன்னலோரம் வேண்டாம். ஜெல் நிறம் மாறினால் காயவைத்து மறுபடி போடலாம். இங்கே மழைக்காலத்தில் அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும்.

சட்டத்தையும் மறக்கவேண்டாம். நூறு ஆண்டைத் தாண்டிய காசு 1972 தொல்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது, அதைத் தனிநபர் வெளிநாட்டுக்கு எடுத்துப்போக முடியாது. விலை நன்றாக வருகிறது என்று திரும்ப வளைகுடாவுக்கு அனுப்ப நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். மண்ணில் தோண்டும்போது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் 1878 புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்கவேண்டும். வாங்கும் காசுக்கு ரசீது, விற்றவர் விவரம், அளவு, எடை, இருபக்கப் படம், செல்வுட் எண் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் காசோடு வையுங்கள்.