சின்னக் கல்லூரியில் நியூரோசயன்ஸ்

நியூரோசயன்ஸ், அதாவது மூளையும் நரம்பும் எப்படி வேலை செய்கின்றன என்ற அறிவியல், படித்தேன் என்றால் நம் சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அப்போ மூளை டாக்டரா?" இல்லை. இது மருத்துவப் படிப்பே இல்லை. பட்டம் வாங்கியபின் இங்கே சிங்கப்பூரில் டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம், அங்கே ஏற்கெனவே பட்டம் வைத்திருப்பவர்களைத்தான் எடுக்கிறார்கள். ஆனால் அதற்கு இதைத்தான் படிக்க வேண்டும் என்றில்லை.

ஜேசி (ஜூனியர் காலேஜ்) முடிக்கப்போகும் அத்தை பெண் வேறு கேள்வி கேட்கிறாள். இதை என்னைப்போல அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரியில் படிப்பதா, இங்கேயே பெரிய பல்கலைக்கழகத்தில் படிப்பதா? இங்கேயே சின்னதாக யேல்-என்யுஎஸ் என்று ஒரு கல்லூரி இருந்தது, 2013இல் முதல் மாணவர்களைச் சேர்த்து 2025இல் மூடிவிட்டார்கள்.

சின்ன இடத்தில் இதெல்லாம் இருக்குமா என்று சந்தேகப்பட வேண்டாம். அமெரிக்காவில் அம்ஹர்ஸ்ட் என்ற சின்னக் கல்லூரியில் இளநிலை நியூரோசயன்ஸ் 1973லேயே வந்துவிட்டது. என் கல்லூரியில் பிஎச்டி மாணவர்களே கிடையாது, அதுதான் பெரிய லாபம். பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்ய ஆள் வேண்டுமே, அந்த ஆள் நாங்கள்தான். இரண்டாம் ஆண்டிலேயே கரப்பான்பூச்சியைப் பனிக்கட்டித் தண்ணீரில் போட்டு மயங்கவைத்து, ஒரு காலை வெட்டி, அதில் இரண்டு ஊசி குத்தி ஆம்ப்ளிஃபையரில் இணைத்துவிட்டு, காலிலுள்ள முள்ளைக் குச்சியால் தொட்டால் ஸ்பீக்கரில் படபடவென்று சத்தம் வரும், நரம்பு மின்துடிப்பு அனுப்புவதைக் காதால் கேட்கலாம். (அம்மாவிடம் போனில் சொன்னேன். "இதுக்கா அவ்வளவு தூரம் போனே?")

அப்புறம் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு விஞ்ஞானிகள். சோத்தோங்கின் (கணவாயின்) தடித்த நரம்பிழையை வைத்து, சோடியம் உள்ளே பாய்வதும் பொட்டாசியம் வெளியே போவதும் சேர்ந்து எப்படி ஒரு மின்துடிப்பாகிறது என்று 1952இல் சமன்பாடாகவே எழுதிவிட்டார்கள், 1963இல் நோபல். அதை நாங்களே கணினியில் எழுதி ஓட்டவேண்டும். எட்டுப் பேர் வகுப்பில் ஒளிய இடமில்லை, புரியாதது புரியும்வரை ஆசிரியர் விடமாட்டார். பெரிய விரிவுரை அரங்காக இருந்திருந்தால் நான் கணக்குப் பகுதியை மட்டும் நைசாகத் தாண்டிப் போயிருப்பேன்.

குறை இல்லாமல் இல்லை. மூளையைப் படமெடுக்கும் எம்ஆர்ஐ எங்களிடம் கிடையாது. நினைவாற்றல் பற்றிய பாடம் ஓராண்டு விட்டு ஓராண்டுதான் வரும், அதை நடத்தும் ஒரே பேராசிரியர் விடுப்பில் போனால் அதுவும் போச்சு. திரும்பி வந்து ஆய்வு உதவியாளர் வேலைக்கு நேர்காணலுக்குப் போனால் கல்லூரிப் பெயரை முதலில் விளக்க வேண்டியிருந்தது, ஆனால் என்ன செய்யத் தெரியும் என்று கேட்டதும் பேச்சு மாறிவிட்டது.

அதனால் அவளிடம் சொன்னது இதுதான்: கல்லூரி இணையதளத்தில் இருக்கும் பாடப்பட்டியலை நம்பாதே, கடந்த இரண்டு ஆண்டுகளில் உண்மையில் எந்தப் பாடங்கள் நடந்தன என்று கேள், மாணவர்கள் எந்த ஆண்டில் ஆய்வுக்கூடத்துக்குள் போகிறார்கள் என்றும் கேள். செலவைப் பற்றி மாமாவிடம் நான் பேசுகிறேன், அது தனிக் கதை.