ஃபேக்ஸில் விடைபெற்றவர்

அமெரிக்கக் கால்பந்தில் எனக்குப் பிடித்த ஆள் பேரி சாண்டர்ஸ்தான், இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. 5 அடி 8 அங்குலம், அந்த ஆட்டத்துக்குக் குள்ளம். டெட்ராய்ட் லயன்ஸின் ரன்னிங் பேக், அதாவது பந்தை வாங்கிக்கொண்டு மலை மாதிரி நிற்கிற ஆட்களுக்கு நடுவே புகுந்து ஓடுவது வேலை. மூன்று பேர் சூழ்ந்துகொள்வார்கள், இவர் சட்டென்று நின்று, பக்கவாட்டில் ஒரு துள்ளு துள்ளி, தேவைப்பட்டால் பின்னாலேயும் ஓடி எப்படியோ வெளியே வந்திருப்பார். அப்படிப் பின்னால் ஓடியே யார்டுகளை, அதாவது முன்னேறிய தூரத்தை, இழந்ததும் நிறைய, அது வேறு கதை. எதிரணியின் எல்லைக்கோட்டுக்குள் பந்தைக் கொண்டுபோய் டச்டவுன் போட்டால் ஆட்டம் பாட்டம் கிடையாது, பந்தை நடுவர் கையில் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுவார்.

1997இல் ஒரே சீசனில் பந்தோடு ஓடிக் கடந்தது 2,053 யார்டு. அப்புறம் 1999 ஜூலையில், மொத்தமாக ஓடிய யார்டுகளில் அப்போது முதலிடத்தில் இருந்த வால்டர் பேட்டனின் சாதனையைத் தொட 1,457 யார்டுதான் பாக்கி என்ற நிலையில், சொந்த ஊர் விச்சிட்டா பத்திரிகைக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பி ஓய்வை அறிவித்தார். வயது 31, காலில் காயம்கூட இல்லை!

பத்து சீசனில் பிளேஆஃபில், அதாவது சாம்பியனை முடிவுசெய்யும் நாக்-அவுட் சுற்றுகளில், அவர் அணிக்கு ஒரே ஒரு வெற்றி. இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு உருப்படியாக ஓர் அணியைக் கட்டத் தெரியாத நிர்வாகம், அவர் போனதும் கொடுத்த போனஸில் ஒரு பங்கைத் திருப்பிக் கேட்டு வாங்கியது.