நேரு ஸ்டேடியம்: புல்லுக்கும் டிராக்குக்கும் நடுவே

கோவை நேரு ஸ்டேடியம் 1971-ல் வந்தது. கால்பந்து ரசிகர்கள் அதன் பெரிய நாளாகச் சொல்வது 2019 மார்ச் 9. தேசியக் கால்பந்துத் தொடரான ஐ-லீக்கின் கடைசி நாளான அன்று, மினர்வா பஞ்சாபை 3-1 என வென்ற சென்னை சிட்டி, ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்திப் பட்டம் வாங்கியது. அணியின் பெயரில் சென்னை இருந்தாலும் கோப்பை வந்தது கோவையில்தான்.

கால்பந்தும் தடகளமும் ஒரே வட்டத்தில் அடங்குவதற்கு ஒரு கணக்கு உண்டு. நிலையான 400 மீட்டர் டிராக்கில் நேர்ப்பகுதி 84.39 மீட்டர், வளைவின் ஆரம் 36.5 மீட்டர். உள்ளே கிடைக்கும் அகலம் 73 மீட்டர். கால்பந்துக்கு 105-க்கு 68 போட்டால் பக்கவாட்டில் இரண்டரை மீட்டர்தான் மிஞ்சும். மூலைக்கொடிக்குப் பின்னால் மூன்று மீட்டர்கூட வராது. கார்னர் அடிக்க ஓடி வருகிறவரின் ஸ்டட் (பூட்ஸின் அடிக்குமிழ்) டிராக்கின் ரப்பர் போன்ற சிந்தெடிக் மேற்பரப்பில் படும். வழுக்கும், டிராக்கும் கிழியும். அந்த மூலைகளில் செயற்கைப் புல் விரிப்பு கட்டாயம் வேண்டும்.

டிராக்கின் பெரிய எதிரி தண்ணீர்தான். தார்த் தளத்தின் மேல் சிந்தெடிக் சுமார் 13 மில்லிமீட்டர் கனம். மழைநீர் வடிய உட்பக்கமாக அதிகபட்சம் ஒரு சதவீதம் சாய்வு கொடுப்பார்கள். உள்விளிம்பு வடிகாலை வெட்டிய புல்லும் சேறும் அடைத்தால் முதல் லேனில் தண்ணீர் நிற்கும். அது அடியில் இறங்கினால் சிந்தெடிக் தாரை விட்டுக் கொப்புளமாக எழும்பும். ஐப்பசி மழைக்கு முன்பே வடிகாலைத் தூர்வாரிவிட வேண்டும். கரிசல் மண்ணில் போட்ட டிராக் என்றால் இன்னும் கவனம் தேவை: மண் ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கி, தாரையே வெடிக்க வைக்கும்.

முதல் லேன்தான் சீக்கிரம் தேயும். வார்ம்-அப், ஜாகிங் எல்லாம் ஐந்தாம் லேனுக்கு வெளியே போகட்டும். ஓட்டக் காலணியின் அடியிலுள்ள ஸ்பைக் ஆணி 9 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது. உயரம் தாண்டுதலுக்கும் ஈட்டிக்கும் மட்டும் 12.

அடுத்தது காற்று. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது 100 மீட்டர் நேரங்களை அப்படியே நம்ப முடியாது. பின்காற்று வினாடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் சாதனையாக ஏற்கமாட்டார்கள். காற்றுமானியை முடிவுக்கோட்டுக்கு 50 மீட்டர் முன்னால், முதல் லேனிலிருந்து 2 மீட்டருக்குள், 1.22 மீட்டர் உயரத்தில் வைக்க வேண்டும். துப்பாக்கி வெடித்ததிலிருந்து 10 வினாடிக்கு அளவெடுக்க வேண்டும். மாவட்டப் போட்டிகளில் இதை விட்டுவிட்டால் நல்ல ஓட்டக்காரரின் நேரம் கணக்கில் ஏறாமல் போய்விடும்.