1 ஜிபி ரேமுக்கு ஏற்ற எடிட்டர்: மூன்று வார அனுபவம்

பல ஆண்டுகளாக அலமாரியில் கிடந்த நெட்புக் எனும் சிறு மடிக்கணினியைத் தமிழ்க் குறிப்புகளும் சிறு பைத்தான் நிரல்களும் எழுதுவதற்கென்றே மீட்டெடுக்க எண்ணி, அதில் டெபியன் 12 எனும் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினேன். இன்டெல் ஆட்டம் என்270 செயலி, 1 ஜிபி ரேம், சுழலும் ஹார்ட் டிஸ்க், 1024×600 திரை ஆகியவையே அதன் வசதிகள்.

நிரல் எழுதும் மென்பொருள்களில் (எடிட்டர்) எனக்குப் பழக்கமான விஎஸ் கோடைத்தான் முதலில் தேடினேன். ஆனால் இந்தச் செயலி 32 பிட் வகையைச் சேர்ந்தது. லினக்ஸுக்கான 32 பிட் விஎஸ் கோட் 2019-இல் 1.35-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. பழைய பதிப்பை நிறுவவும் மனம் வரவில்லை. எலக்ட்ரான் எனும் கட்டமைப்பில் உருவான இந்த எடிட்டர் தன்னுடன் குரோமியம் உலாவியையும் சேர்த்தே இயக்குவதால், இவ்வளவு சிறிய ரேம் விரைவில் நிரம்பி, வேலை ரேமுக்கு மாற்றாக ஹார்ட் டிஸ்கில் ஒதுக்கிய ஸ்வாப் பகுதிக்குத் தள்ளப்படும். அதன்பின் தட்டச்சு செய்த எழுத்து திரைக்கு வரவே காத்திருக்க நேரும்.

அடுத்து, எக்ஸ்டெர்ம் எனும் டெர்மினலில் (கட்டளைகளை எழுத்தாக இடும் சாளரம்) விம் எடிட்டரைத் திறந்தேன். நிரல் எழுத அதில் எந்தக் குறையும் தெரியவில்லை. 'கொ' என்று தட்டியபோதுதான் எழுத்து சிதைந்தது. டெர்மினல் திரையைச் சம அகலக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்தை வைக்கிறது. மெய்க்கு முன்னும் பின்னும் வர வேண்டிய கொம்பையும் காலையும் அந்தக் கட்டத்துக்குள் முறையாக அமைக்க எக்ஸ்டெர்முக்குத் தெரியாது. டெர்மினலிலேயே இயங்கும் நானோ எடிட்டருக்கு மாறியும் பயனில்லை, ஏனெனில் குறை எடிட்டரில் இல்லை. தமிழ் எழுதுபவர் ரேம் கணக்கை மட்டும் பார்த்து எடிட்டரைத் தேர்ந்தெடுத்துவிட முடியாது என்பதை இங்கேதான் உணர்ந்தேன்.

இரண்டாம் வாரம், தனிச் சாளரத்தில் இயங்கும் ஜீனி எடிட்டரை நிறுவினேன். இது ஜிடிகே எனும் வரைகலைக் கருவித்தொகுப்பில் இயங்குவது. எழுத்துகளைப் பாங்கோ எனும் எழுத்தமைப்பு நிரலகம் வரைவதால் உயிர்மெய்கள் அனைத்தும் ஒழுங்காக வருகின்றன. குறுகிய திரையில் பக்கப்பட்டையும் செய்திப் பகுதியும் இடத்தை அடைத்துக்கொள்வதால், இரண்டையும் மறைத்துவிட்டேன்.

இருந்தாலும் நிரல்களுக்கு விம்மையே வைத்துக்கொண்டேன். பேட்டரி செயலிழந்த இந்தக் கணினி, ஒருநாள் மின்சாரம் போனதும் பாதி நிரலோடு அணைந்துவிட்டது. விம் இயல்பாகவே 200 எழுத்துகளுக்கு ஒருமுறையோ, நாம் தட்டச்சை நிறுத்திய 4 விநாடிகளிலோ தன் ஸ்வாப் கோப்பில் (இது ரேமுக்கான ஸ்வாப் அல்ல, விம்மின் மீட்புக் கோப்பு) மாற்றங்களைப் பதிந்துவைப்பதால், மீட்டெடுத்தபோது கடைசி வரியைத் தவிர எல்லாமே கிடைத்தது. ஜீனியில் தானாகச் சேமிக்கும் செருகுநிரலை நேற்றுத்தான் இயக்கிவைத்தேன்; இந்த வாரக் குறிப்புகளை அதிலேயே எழுதி வருகிறேன்.